மானியத்தில் ஒன்பது மாதம் அமெரிக்கா: இங்குள்ள வேலைகளை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது?

செத்தாப்பாக்_விரிவுரை

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவுல, கே.எல்-ல (கோலாலம்பூர்) ஒரு தனியார் பல்கலைக்கழகத்துல விரிவுரையாளரா இருக்கேன். அமெரிக்க அரசாங்கத்தோட ஃபுல்பிரைட் வருகை ஆய்வாளர் மானியம் கிடைச்சிருக்கு. ஆகஸ்ட் நடுவுல கிளம்பி மே நடுவுல திரும்பணும். அமெரிக்காவுல கிழக்குக் கரைப் பக்கம். அங்க என்ன செய்யணும்னு விளக்கக் கூட்டத்துலயே சொல்லிட்டாங்க. என் கவலையெல்லாம் இந்தப் பக்கத்தைப் பத்திதான்.

செத்தாப்பாக்ல உள்ள சொந்த அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விடப்போறேன். கார் கடன் இன்னும் முடியல. பிடிபிடிஎன் கல்விக் கடன் தவணை ஓடுது. அம்மா பட்டர்வொர்த்ல தம்பி வீட்ல இருக்காங்க, அவங்க மருத்துவக் காப்புறுதியை நான்தான் கட்டுறேன். ஒரு கோயில் சங்கத்துக்கு நான் செயலாளர். முதுகலை மாணவர் ரெண்டு பேரு ஆய்வேடு எழுதிக்கிட்டு இருக்காங்க. வருமான வரி வேற. வேலையிடத்துல சம்பளமில்லா விடுப்புதான்.

எதையெல்லாம் முடிச்சுட்டுப் போகணும், எதைத் தம்பிகிட்ட கொடுக்கலாம், எதை அங்கிருந்தே பார்த்துக்கலாம்? போய்வந்தவங்க சொல்லுங்க.

கிள்ளான்_கணக்கு

வாழ்த்துகள் மேடம். வரியை நான் சொல்லிடறேன், அதோட அந்தக் கவலையை விட்டுடலாம்.

ஒரு வருஷத்துல 182 நாள் இங்க இருந்தா நீங்க மலேசிய வரிவாசி, அதாவது வரிக் கணக்குக்கு இங்க குடியிருக்கிறவர். ஆகஸ்ட் 15 வரைக்கும் இருந்தாலே 227 நாள் ஆயிடுது. அடுத்த வருஷம் மே 16-லிருந்து கணக்குப் போட்டா 230. ரெண்டு வருஷமும் நீங்க வரிவாசிதான். வரிவாசி இல்லைன்னு ஆனாதான் கழிவு எதுவும் இல்லாம நேரா 30 விழுக்காடு. உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். ஜனவரியில போய் டிசம்பர்ல திரும்புறவங்களுக்கும் வழி இருக்கு. 1967 வருமான வரிச் சட்டத்தோட 7-ஆம் பிரிவுப்படி, முந்தின மூணு வருஷமும் வரிவாசி, அடுத்த வருஷமும் வரிவாசின்னா, நடுவுல இல்லாத அந்த ஒரு வருஷத்தையும் சேர்த்துக்குவாங்க. பலருக்கு இது தெரியாது, சும்மா பயந்துக்கிட்டே போவாங்க.

மானியப் பணத்துக்கு இங்க வரி கிடையாது. அதே சட்டத்தோட 6-ஆம் அட்டவணை, 24-ஆம் பத்தி. ஆனா வீட்டு வாடகை வருமானம்தான், அதைக் காட்டணும். மதிப்பீட்டு வரி, நிலவரி, வீட்டுக் கடன் வட்டி, தீக் காப்புறுதி இதையெல்லாம் அதுல கழிக்கலாம், ரசீதை வச்சுக்குங்க. பிஇங்கிற வருமான வரிப் படிவத்துக்கு இணையம் வழி கடைசி நாள் மே 15. அன்னைக்கு நீங்க விமானத்துல இருப்பீங்க. மார்ச் 1-ஆம் தேதியே திறந்துடுவாங்க, அங்க உட்கார்ந்தே முடிச்சுடுங்க.

சுருக்குன்னு தைக்கிறது அமெரிக்கா பக்கம்தான். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் முழுமையான இரட்டை வரி ஒப்பந்தம் கிடையாது. இந்தியா, தாய்லாந்துக்காரங்க ஒப்பந்தத்தைக் காட்டித் தப்பிக்கிற இடத்துல நாம தப்பிக்க முடியாது. ஜே விசாவுல, அதாவது பரிமாற்ற வருகையாளர் விசாவுல, வர்றவங்க மானியத்துல வரிக்கு உட்பட்ட பகுதிக்கு 14 விழுக்காடு பிடிப்பாங்க. வாடகைக்கு வீடு பார்க்கும்போது அதைக் கழிச்சுட்டுக் கணக்குப் போடுங்க. இன்னொன்னு: உங்க மானியம் ரெண்டு நாட்காட்டி வருஷத்துல விழுது. அதனால 1040-என்ஆர்ங்கிற அமெரிக்க வரிப் படிவம் ரெண்டு தடவை. ரெண்டாவது நீங்க கே.எல் திரும்பி அடுத்த வருஷம் வரும். மானியத்துல பிடிச்ச வரியைக் காட்டுற 1042-எஸ் தாளை அனுப்ப அவங்களுக்கு உங்க மலேசிய முகவரி தெரிஞ்சிருக்கணும்.

செத்தாப்பாக்_விரிவுரை

நன்றி சார். வரி பெரிய பூதம்னு நினைச்சேன். அந்த 14 விழுக்காடு பத்தி யாரும் சொல்லல, பட்ஜெட்டை மறுபடி போடணும்.

பாயான்_லெப்பாஸ்_மணி

அக்கா, எல்லாத்துக்கும் முன்னாடி உங்க கைப்பேசி எண்ணைக் காப்பாத்துங்க. நான் ஸ்காட்லாந்துல முதுகலை படிச்சப்ப என்கூட வந்த ஒருத்தர் ப்ரீபெய்ட் எண்ணை அப்படியே விட்டுட்டாரு. செல்லுபடிக் காலம் முடிஞ்சு எண் போச்சு. அதுக்கப்புறம் வங்கி, கேடபிள்யூஎஸ்பி சேமநிதி, மைடேக்ஸ் வரித் தளம் எதுக்குள்ளயும் நுழைய முடியல. கடவுச்சொல்லை மாத்தணும்னா பழைய எண்ணுக்குத்தான் குறியீடு போகுது.

2022 செப்டம்பர்ல மத்திய வங்கி பேங்க் நெகாரா சொன்னதுக்கப்புறம் வங்கிங்க குறுஞ்செய்திக் குறியீட்டை விட்டுட்டு செயலி வழி ஒப்புதலுக்கு மாறிட்டாங்க. ஒரு கணக்குக்கு ஒரே ஒரு கைப்பேசி. புதுக் கைப்பேசிக்கு மாத்தினா ஆறவைக்கிற நேரம்னு காத்திருக்கணும் வேற, பெரும்பாலும் 12 மணி நேரம். அமெரிக்காவுல கைப்பேசி தொலைஞ்சா, உடைஞ்சா, அங்கிருந்து மாத்துறது பெரிய அவஸ்தை. அதனால மலேசிய சிம்மும் வங்கிச் செயலியும் உள்ள பழைய கைப்பேசி ஒன்னு அறையிலேயே இருக்கட்டும். வெளியில கொண்டுபோறது வேற கைப்பேசி. மாசாமாசம் குறைஞ்ச கட்டணத் திட்டத்துக்கு மாறிட்டா செல்லுபடிக் காலம் பத்தி யோசிக்க வேண்டாம்.

உங்க கடன் அட்டையை இப்பவே திருப்பிப் பாருங்க, எந்த மாசம் காலாவதின்னு. அம்மா காப்புறுதி அதுலதானே தானாக் கழியுது? அட்டை பிப்ரவரியில முடியுதுன்னா புது அட்டை செத்தாப்பாக் வீட்டுக்கு வரும். அங்க இருக்கப்போறது வாடகைக்காரர். மார்ச் மாசச் சந்தா திரும்பிடும். அறிவிப்புக் கடிதமும் அதே வீட்டுக்குத்தான் போகும். அம்மா ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கும்போதுதான் காப்புறுதி செத்துப்போனது தெரியவரும். கிளம்பறதுக்கு முன்னாடியே அட்டையைப் புதுப்பிச்சுக் கேளுங்க. இல்லைன்னா அந்த ஒரு சந்தாவை தம்பி கணக்குக்கு மாத்துங்க.

கடிதம் வர்ற முகவரி எல்லாத்தையும் பட்டர்வொர்த்துக்கு மாத்திடுங்க.

புக்கிட்_ஜம்புல்_மாணவி

பிடிபிடிஎன் தவணையை ஒத்திப்போட முடியுமா அண்ணே? எனக்கும் இதே கேள்வி.

பாயான்_லெப்பாஸ்_மணி

மேல்படிப்புக்குப் போறவங்க ஒத்திவைப்புக்கு மனு செய்யலாம் தங்கச்சி. அக்கா போறது ஆய்வுக்கு, பட்டத்துக்கு இல்ல. அதனால வங்கியிலிருந்து தானாக் கழியுற மாதிரி வச்சுட்டுப் போறதுதான் சரி. தவறவிட்டா வங்கிங்க பார்க்கிற சிசிரிஸ் கடன் பதிவுல தெரியும், திரும்பி வந்து வீட்டுக் கடன் கேட்கும்போது இடிக்கும்.

ஜாலான்_டூத்தா_குமாஸ்தா

நான் வக்கீல் அலுவலகத்துல வேலை செய்றவன். "தம்பிகிட்ட கொடுக்கலாமா"ன்னு கேட்டீங்க. வாய்வார்த்தையா கொடுத்தா அவரால தண்ணி பில் மட்டும்தான் கட்ட முடியும்.

வீடு வாடகைக்கு விடப்போறீங்கன்னா அதிகாரப் பத்திரம் ஒன்னு எழுதிக் கொடுங்க. நாங்க சுருக்கமா பவர்னு சொல்வோம். 1949-ஆம் வருஷத்துச் சட்டம். வக்கீல் முன்னாடி கையெழுத்துப் போட்டு, 10 ரிங்கிட் முத்திரை வரி கட்டி, உயர்நீதிமன்றப் பதிவகத்துல பதிஞ்சாதான் செல்லும். கையெழுத்துப் போட்டு அலமாரியில வச்சுட்டுப் போற பத்திரத்துக்கு மதிப்பில்ல. எல்லா அதிகாரமும் கொடுக்குற பொதுப் பத்திரம் வேண்டாம். வாடகைக்கு விடுறது, வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறது, கட்டட நிர்வாகத்தோட பேசுறது, ரிப்பேர் பார்க்குறது, எந்தத் தேதி வரைக்கும்னு எழுதுங்க. விற்கிற அதிகாரம் கண்டிப்பா வேண்டாம். தம்பி நல்லவரா இருக்கலாம், அது வேற விஷயம். வாடகை ஒப்பந்தத்துக்கும் கையெழுத்தான 30 நாளுக்குள்ள முத்திரை போடணும்.

பவர் இருந்தாலும் வங்கிக் கவுண்டர்ல அது எடுபடும்னு நினைக்காதீங்க. அங்க மைகார்ட் அடையாள அட்டையைச் செருகி, சின்னக் கண்ணாடித் தகட்டுல கட்டைவிரலை வைக்கச் சொல்வாங்க. உங்க விரலைத் தம்பி கொண்டுபோக முடியாது. வங்கிக்குத் தனிப் படிவம் இருக்கு, மூன்றாம் நபர் அதிகாரத்துக்கு. அதை அந்தக் கிளையிலேயே நேர்ல போய்க் கொடுக்கணும். இதெல்லாம் இங்க இருக்கும்போது ஒரு நாள் வேலை. அங்க போய் நினைச்சுக்கிட்டா நோட்டரி, வாஷிங்டன்ல தூதரகம், இல்லைன்னா நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் துணைத் தூதரகம், கூரியர்னு அலையணும்.

சும்மா_இருங்கப்பா

எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்? ஒன்பது மாசம்தானே. எங்க மாமா அந்தக் காலத்துல லண்டன்ல மூணு வருஷம் படிச்சாரு, பவரும் கிடையாது ஒன்னும் கிடையாது. வீட்டுல உள்ளவங்க பார்த்துக்கிட்டாங்க. குடும்பம்னு ஒன்னு எதுக்கு இருக்கு?

வீட்டுல_உள்ளவங்க_நான்தான்

அந்த "வீட்டுல உள்ளவங்க" பேசுறேன். கேட்டுக்குங்க.

எங்க அண்ணன் மானியத்துல ஜெர்மனி போனாரு. பூச்சோங் வீட்டை என்கிட்ட விட்டுட்டுப் போனாரு. "ஒன்னும் இருக்காதும்மா, வாடகை தானா வந்துடும்"னு சொன்னாரு. வந்துச்சு. கூடவே இன்டா வாட்டர் கழிவுநீர் பில், ஆறு மாசத்துக்கொருக்க மதிப்பீட்டு வரி, மே மாசம் நிலவரி, கட்டட நிர்வாகக் கட்டணம், காருக்கு சம்மன் எல்லாம் வந்துச்சு. அதையெல்லாம் கட்டிடலாம். ஒரு நாள் கீழ்வீட்டுக்காரர் படம் எடுத்து அனுப்பினாரு. அவரு குளியலறைக் கூரையில தட்டு அகலத்துக்குப் பழுப்புக் கறை, நடுவுல சொட்டுச் சொட்டா தண்ணி. கசிவுன்னு புகார் கொடுத்தா நிர்வாகம் 7 நாளுக்குள்ள வந்து பார்க்கணும்னு 2015 ஒழுங்குமுறை இருக்கு. அவங்க வந்தாங்க. மேல்வீட்டுத் தரையை உடைக்கணும், உரிமையாளர் சம்மதம் வேணும்னாங்க. என்கிட்ட ஒரு தாளும் இல்ல. வாடகைக்காரம்மா கைக்குழந்தையோட நிக்கிறாங்க. அண்ணனுக்கு போன் போட்டா ஆய்வுக்கூடத்துல இருக்காரு, எடுக்கல. எடுத்தப்ப "நீயே பார்த்துச் செய்"ன்னாரு. செலவு சொன்னதும் "அவ்வளவா, வேற ஆள் கேட்டியா?"ன்னாரு.

எனக்கு வேலை இருக்கு, ரெண்டு பிள்ளைங்க இருக்கு. செஞ்சேன், செய்ய மாட்டேன்னு சொல்லல. ஆனா டீச்சர், உங்க தம்பிக்காக மூணு விஷயம் கேட்கிறேன். வாடகை வர்றதுக்குத் தனிக் கணக்கு, அதுல முன்கூட்டியே கொஞ்சம் பணம் போட்டு வைங்க, அவரு கைக்காசு போட்டுட்டு உங்ககிட்ட கேட்கக் கூச்சப்படக் கூடாது. 500 ரிங்கிட் வரைக்கும் அவரே முடிவு பண்ணலாம், நீங்க ஏன்னு கேட்க மாட்டீங்கன்னு சொல்லிடுங்க. அப்புறம் பேசறதுக்கு ஒரு நேரம். இங்க ஞாயிறு காலை 9 மணின்னா அங்க சனி ராத்திரி 9. நவம்பர் முதல் ஞாயிறு அங்க கடிகாரத்தைத் திருப்புவாங்க, அதுக்கப்புறம் ராத்திரி 8. அந்த நேரம் தவிர மத்த நேரத்துல உயிர் போற விஷயம்னா மட்டும் போன்.

சும்மா_இருங்கப்பா

சரிம்மா, கும்பிடுறேன். மாமாவுக்கு அத்தை பார்த்திருப்பாங்க, அத்தையை யாரும் கேட்கல.

செந்தூல்_ராஜூ

தம்பிக்கு மாசம் ஏதாச்சும் கொடுக்கலாமே. வீட்டு முகவருக்கு விட்டா எப்படியும் பணம் கொடுக்கத்தானே போறோம்?

பட்டர்வொர்த்_பழைய_செயலாளர்

சொந்தத் தம்பிக்குச் சம்பளமா? எங்க பக்கம் அப்படிக் கொடுத்தா அவமானப்படுத்துற மாதிரி ஆயிடும். திரும்பி வரும்போது ஏதாவது நல்லதா வாங்கிட்டு வரட்டும்.

வீட்டுல_உள்ளவங்க_நான்தான்

அண்ணே, எனக்கு எங்க அண்ணன் சாக்லேட்டும் சுவர்க் கடிகாரமும் வாங்கிட்டு வந்தாரு. கடிகாரம் நல்லாத்தான் ஓடுது. பெட்ரோல் காசு கொடுத்திருந்தா இன்னும் நல்லாயிருந்திருக்கும்.

செத்தாப்பாக்_விரிவுரை

தங்கச்சி சொன்னதைப் படிச்சுட்டு தம்பிக்கு போன் பண்ணினேன். "ஏன்க்கா, இவ்வளவு நாள் சும்மாதானே செஞ்சேன்"னு சிரிக்கிறான். அவன் மனைவிதான் அந்தப் பக்கத்துலேருந்து "தனிக் கணக்கு நல்ல யோசனை"ன்னு சொன்னாங்க. அவங்க ரெண்டு பேரையும் சேர்த்து வச்சுத்தான் பேசணும்போல.

சரி, சங்கம்? நான் அங்கிருந்தே புலனத்துலயும் (வாட்ஸ்அப்) ஜூம்லயும் செயலாளர் வேலையைப் பார்த்துக்கலாம்னு நினைச்சேன். தலைவரும் "உங்களைவிட்டா ஆளில்ல"ங்கிறாரு.

பட்டர்வொர்த்_பழைய_செயலாளர்

இந்த "ஆளில்ல"வை நான் பல வருஷம் கேட்டிருக்கேன் அம்மா. துணைச் செயலாளர்னு ஒருத்தர் இருக்காரே, அவரு எதுக்கு? சங்கச் சட்டவிதியை எடுத்துப் படிங்க. செயலாளர் இல்லாத நேரத்துல துணைச் செயலாளர் செய்யணும்னு பெரும்பாலான சட்டவிதியில இருக்கும்.

1966 சங்கச் சட்டப்படி, ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள்ள ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பணும். இப்ப எல்லாம் அவங்களோட இரோசஸ் இணையத்தளம் வழிதான். உள்நுழையுற கணக்கு யார் பேர்ல இருக்கு? உங்க பேர்ல, உங்க எண்ல இருந்தா நீங்க பாஸ்டன்ல தூங்கும்போது இங்க ஒருத்தரும் ஒன்னும் செய்ய முடியாது. கோயில் சங்கம்னா கேட்கவே வேண்டாம், பொதுக்கூட்டத்துல ரெண்டு அணி இருக்கும். ஆண்டறிக்கை தாமதமாச்சுன்னா அதையே பிடிச்சுக்கிட்டு "செயலாளர் ஊர்லயே இல்ல"ன்னு கடிதம் எழுதுவாங்க.

காசோலையில நீங்க கையெழுத்துக்காரரா? அப்ப இன்னும் அவசரம். கையெழுத்தை மாத்தணும்னா செயலவைக் கூட்டம், தீர்மானம், கூட்டக் குறிப்பு, வங்கிப் படிவம், புதுசா வர்றவர் நேர்ல போகணும். கிளம்பற வாரத்துல ஆரம்பிச்சா நடக்காது. திருவிழாச் செலவு வரும்போது பூசாரிக்குச் சம்பளம் போட முடியாம போயிடும். கூட்டக் குறிப்பேடு, முத்திரை, ரசீதுப் புத்தகம், நன்கொடைப் பட்டியல் எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துட்டுப் போங்க. பதவியைவிட்டு விலகுறதுதான் கௌரவம். திரும்பி வந்து மறுபடி நில்லுங்க, யாரும் தடுக்கப் போறதில்ல.

அங்கிருந்துக்கிட்டு நடத்துவேன்னு சொல்றதுல எனக்குச் சம்மதமில்ல. புலனத்துல முடிவெடுக்குற சங்கம் புலனத்துலேயே உடையும்.

செந்தூல்_ராஜூ

பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் இதேதானா?

பட்டர்வொர்த்_பழைய_செயலாளர்

அது சங்கப் பதிவிலாகாவுல வராது, கல்வி இலாகாவுக்குக் கீழ. ஆனா காசோலைக் கதை ஒன்னுதான்.

பாசிர்_பூத்தே_அமுதா

நான் அமெரிக்காவுல ஜே-1 விசாவுல இருந்துட்டு வந்தவ. விளக்கக் கூட்டத்துல சொல்லியிருப்பாங்க, இருந்தாலும் நம்ம ஆளுங்களுக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு, அதை அங்க யாரும் சொல்ல மாட்டாங்க. நம்ம பேர்.

கடப்பிதழ்ல ஏ/பி (மகள்), ஏ/எல் (மகன்) அப்படின்னு சாய்கோடு போட்டு அப்பா பேர் இருக்கும். நமக்குக் குடும்பப் பேர் கிடையாது. அமெரிக்கப் படிவம் எல்லாத்துலயும் முதல் பேர், குடும்பப் பேர்னு ரெண்டு கட்டம். முதல் பேர் கட்டம் காலியா போனா விசாவுல எஃப்என்யூ, அதாவது முதல் பேர் தெரியலன்னு அடிச்சுடுவாங்க. ஒரு இடத்துல அப்பா பேரு குடும்பப் பேராகும், இன்னொரு இடத்துல "ஏபி" நடுப் பேரா உட்கார்ந்துக்கும். அப்புறம் பல்கலைக்கழக அட்டையில ஒன்னு, வங்கிக் கணக்குல ஒன்னு, மானியக் காசோலையில ஒன்னு. என் முதல் தவணைப் பணம் அப்படித்தான் நின்னுச்சு. ஜே-1 விசாவுக்குத் தேவையான டி.எஸ்-2019 படிவம் கைக்கு வந்ததும் பேரை எழுத்தெழுத்தா கடப்பிதழோட வச்சுப் பாருங்க. திருத்தம் இருந்தா விசா நேர்காணலுக்கு முன்னாடியே கேளுங்க. அதுக்கப்புறம் விமானச் சீட்டு, வங்கி எல்லாத்துலயும் அதே மாதிரி எழுத வையுங்க.

மத்தது வேகமா சொல்றேன். திட்டம் தொடங்கற தேதியிலிருந்து 30 நாளுக்குள்ள போய்ச் சேர்ந்ததைப் பதிவு பண்ணணும். வீடு மாறினா 10 நாளுக்குள்ள முகவரியைச் சொல்லணும். நடுவுல கனடா மாநாட்டுக்குப் போறதா இருந்தா டி.எஸ்-2019-ல பயணக் கையெழுத்து இருக்கான்னு பார்த்துட்டுக் கிளம்புங்க. முடிஞ்சப்புறம் 30 நாள் தங்கலாம், வேலை செய்யக் கூடாது. ஃபுல்பிரைட்டுக்கு ரெண்டு வருஷ விதி உண்டு: திரும்பி வந்து மொத்தம் 24 மாசம் இங்க இருந்தாதான் அங்க எச் வேலை விசாவுக்கோ நிரந்தரவாசத்துக்கோ போக முடியும்.

முதல் மாசச் செலவுக்குக் கையில பணம் வச்சுக்குங்க. வீட்டு முன்பணம், படுக்கை, குளிர்ச் சட்டை எல்லாம் மானியம் வர்றதுக்கு முன்னாடியே கேட்கும்.

ஒசாக்கா_முன்னாள்

ஜப்பான் பக்கம் போறவங்களுக்காக எழுதுறேன், இழைக்குக் கொஞ்சம் வெளியேதான். மெக்ஸ்ட்ங்கிற ஜப்பான் அரசாங்க உதவித்தொகையில போறவங்க ஒவ்வொரு மாசமும் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடணும். போடலைன்னா அந்த மாசப் பணம் கிடையாது. தீபாவளிக்கு ஊருக்கு வர்றதா இருந்தா கையெழுத்துத் தேதியைப் பார்த்துட்டு டிக்கெட் போடுங்க. குடியேறின 14 நாளுக்குள்ள நகராட்சியில முகவரிப் பதிவு. 20 வயசு ஆனவங்க தேசிய ஓய்வூதியத்துல சேர்ந்தாகணும், மாணவர் சலுகை கேட்டு அதே கவுண்டர்ல மனு கொடுத்துடுங்க.

எனக்கு ஒன்னு தோணுது அக்கா. அந்த ஊரு வேலைக்கெல்லாம் தேதி இருக்கு, தாள் இருக்கு, ஒருத்தர் நினைவுபடுத்துவாரு. நம்ம ஊரு வேலைதான் தலைக்குள்ளயே இருக்கும். நான் போனப்ப முதல் சில மாசம் ராத்திரியெல்லாம் வீட்டுக் குழுவிலேயே கிடந்தேன். ஆய்வுக்கூடத்துல பகல்ல தூக்கம். அதுக்காகவா போனோம்?

தஞ்சோங்_மாலிம்_சார்

அரசாங்க வேலையில உள்ளவங்க இந்த இழையைப் படிச்சா அவங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குச் சம்பளத்தோட படிப்பு விடுப்பு, கூடவே ஒப்பந்தம், ரெண்டு பிணையாளர். பிணையாளர் பெரும்பாலும் மச்சானோ சித்தப்பாவோ. நீங்க முன்னேற்ற அறிக்கை அனுப்பாம விட்டா கடிதம் உங்களுக்கு மட்டும் வராது, அவங்க வீட்டுக் கதவையும் தட்டும். அதனால அனுப்புற அறிக்கையோட பிரதி ஒன்னு அவங்களுக்கும் அனுப்பிடுங்க, நிம்மதியா இருப்பாங்க. முதலாளி முழுச் செலவையும் ஏத்துக்கிட்ட படிப்புன்னா, அங்க இருக்கிற காலத்துக்கும் உங்களை வரிவாசின்னே எடுத்துக்குவாங்க, அதுக்கும் 7-ஆம் பிரிவுலயே இடம் இருக்கு.

மேடத்துக்கு: சம்பளமில்லா விடுப்புன்னா கேடபிள்யூஎஸ்பி சேமநிதி, சொக்சோ சமூகப் பாதுகாப்புச் சந்தா ரெண்டும் நின்னுடும். சேமநிதியில நீங்களா விரும்பிக் கட்டலாம், முடிஞ்சா கட்டுங்க. மாணவர் ரெண்டு பேருக்கும் இணை மேற்பார்வையாளர் நியமனக் கடிதத்தை உயர்கல்விப் பிரிவுல இப்பவே கேளுங்க. "நான் மின்னஞ்சல்ல பார்த்துக்குறேன்"னு சொல்லிட்டுப் போனா, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கிற படிவத்துல கையெழுத்துக்கு அந்தப் பிள்ளைங்க அலைவாங்க. எழுதினதைப் படிச்சுச் சொல்றதை அங்கிருந்து செய்யலாம். கையெழுத்து அதிகாரம் இங்க இருக்கிறவர்கிட்ட இருக்கணும்.

செத்தாப்பாக்_விரிவுரை

சார், இணை மேற்பார்வையாளர் பத்தி யோசிக்கவே இல்ல. நாளைக்கே கேட்கிறேன்.

இப்ப முடிவு பண்ணினது: செயலாளர் பதவியிலிருந்து விலகுறேன், தலைவர் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. வீட்டுக்கு மட்டும் தம்பிக்கு பவர், அடுத்த வருஷம் ஜூன் முடிய. வாடகைக்குத் தனிக் கணக்கு. அம்மா காப்புறுதி தம்பி கணக்குக்கு மாறுது, நான் அதுக்குப் பணம் போட்டுடுவேன். அம்மாவோட கிளினிக் தேதியெல்லாம் என் மைசெஜாத்ரா சுகாதாரச் செயலியில இருந்துச்சு, தம்பி மனைவி கைப்பேசியில சேர்த்தாச்சு. வரியை மார்ச்சுல நானே செய்றேன். கார்தான் இன்னும் புரியல. விற்கவா, தம்பிகிட்ட விடவா?

பாயான்_லெப்பாஸ்_மணி

கடன் இருக்கிற காரை அவசரத்துல விற்றா நஷ்டம்தான் அக்கா. தம்பி ஓட்டட்டும், நின்னுக்கிட்டே இருந்தா பேட்டரி போயிடும். காப்புறுதியில அவரு பேரை ஓட்டுநரா சேர்த்துடுங்க. பேர் இல்லாதவர் ஓட்டி இடிச்சா 400 ரிங்கிட் நாமளே கட்டணும். சாலை வரி நடுவுல முடியுதான்னு பாருங்க. இப்ப சாலைப் போக்குவரத்து இலாகாவோட மைஜேபிஜே செயலியிலேயே இருக்கு, ஒட்ட வேண்டாம், ஆனா காப்புறுதி போட்டாதான் சாலை வரி புதுப்பிக்க முடியும்.

வீட்டுல_உள்ளவங்க_நான்தான்

சம்மன் யாரு கட்டுறதுன்னும் பேசிடுங்க டீச்சர். காகிதம் உங்க பேர்லதான் வரும்.

ஜாலான்_டூத்தா_குமாஸ்தா

பவருக்குப் போகும்போது தம்பியோட மைகார்ட் பிரதியும் வீட்டுப் பட்டா அல்லது வாங்கின ஒப்பந்தத்தோட பிரதியும் எடுத்துட்டுப் போங்க. வீட்டுக்குக் கடன் இருந்தா வாடகைக்கு விட வங்கி அனுமதி வேணுமான்னு கடன் ஒப்பந்தத்துல பார்த்துடுங்க. ஆகஸ்ட்ல கிளம்பறீங்கன்னா ஜூன்லயே வக்கீல்கிட்ட கொடுத்துடுங்க. பதிஞ்ச பிரதி தம்பி கைக்கு வந்ததைக் கண்ணால பார்த்துட்டுப் பெட்டி கட்டலாம்.